பட்டக்காரரின் ஒரு கவளம்

“1936 செப்டம்பர் 9. பட்டக்காரர், வயது ஐம்பத்திரண்டு இருக்கலாம். சிறுநீர்: செங்கல் நிறம். இடது கால் பெருவிரலில் புண், நாற்பது நாளாக ஆறவில்லை. அரிசி, தேன், வெல்லம், வாழை, பலா, கிழங்கு நிறுத்தம்.”

என் தினக்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. மலை மருந்தகங்களில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் யாராவது இதைப் பார்த்தால், இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். நோய் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. புண் எழுதப்பட்டிருக்கிறது. நிறுத்த வேண்டிய உணவுகள் ஒன்று விடாமல் இருக்கின்றன. நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்தேன்.

கொல்லிமலை வாழவந்தி நாட்டில் இருந்த சிறிய மருந்தகத்தில் 1934 முதல் 1938 வரை நான் கம்பவுண்டராக இருந்தேன். இப்போது நீங்கள் பஸ் ஏறி மேலே போகிறீர்கள். அன்று பாதை என்பது கால் தடம். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மருந்துப் பெட்டி ஆள் தலையில் வந்து சேர்வதற்குள் ஒரு பகல் போய்விடும். டாக்டர் கீழேயிருந்து மாதம் ஒருமுறை மட்டக்குதிரையில் ஏறி வருவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து என் மனைவியைக் கீழேயே விட்டிருந்தேன். கால் படி அரிசியைப் பொங்கி இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வேன். மூன்று ஷெல்ஃப் நிறையப் புத்தகங்கள் வைத்திருந்தேன், மழைக்காலத்தில் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் துடைப்பது என் மாலை வேலை.

பட்டக்காரர் என்பவர் நாட்டுக்குத் தலைவர். நாடு என்றால் பத்துப் பதினைந்து சிற்றூர்கள் சேர்ந்த ஒரு பகுதி. வழக்குத் தீர்ப்பது, கோயில் காரியம், கல்யாணம் எல்லாம் அவர் முன்னால்தான் நடக்கும். அந்த ஆவணி மாதம் மருந்தகத்துக்கு எதிரே இருந்த மரத்தடியில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டக்காரர் நடுவில் ஐந்து முறை எழுந்து புதர்ப்பக்கம் போனார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். வழக்கின் நடுவில் தலைவர் எழுந்து போவது அங்கே நடக்காத காரியம். அவருடைய நடையில் ஒரு நொண்டல் இருந்ததையும் கவனித்தேன்.

கூட்டம் கலைந்தபின் அவரை உள்ளே அழைத்தேன். கால் விரலைப் பார்த்தேன். சோதனைக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, அவர் கொடுத்த சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் பொடி கரைத்ததுபோல் ஆனது.

“இதென்னங்க, சாயம் போடற வேலையா?” என்றார்.

“உங்க உடம்புல சர்க்கரை தங்காம வெளிய போகுதுங்க. அதான் இந்த நிறம். இது நீலமாவே நின்னாத்தான் விரல் ஆறும். இல்லாட்டி விரலோட நிக்காது, காலே போயிரும். காலோட நிக்காமலும் போகலாம்.”

“யாருகிட்டயும் சொல்லாதீங்க சாமி. பட்டக்காரனுக்குச் சீக்குன்னா நாட்டுக்கே சீக்குன்னு பேசுவாங்க” என்றார். நான் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய வாக்குதான் அது.

பிறகு டாக்டர் எனக்குக் கொடுத்திருந்த அச்சிட்ட உணவுத்தாளை எடுத்தேன். கோதுமை ரொட்டி, தவிட்டு பிஸ்கட், காலிஃபிளவர் என்றெல்லாம் இருந்தது. மலையில் அது எதுவும் கிடையாது. ஆகவே நானே ஒரு பட்டியல் போட்டேன். மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்த கீரை, புடலை, சுரை, மோர், முட்டை, கறி கிடைக்கும் நாளில் கறி. சாமைச் சோறு என் கையால் ஒரு பிடி, அல்லது கேழ்வரகுக் களி ஓர் எலுமிச்சை அளவு. இதற்கு மேல் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். சிறுதானியம் என்றாலே சர்க்கரை நோய்க்கு மருந்து என்று இப்போது யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நான் குழாய் வைத்து வாரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஓர் உருண்டை களிக்குப் பச்சை. இரண்டு உருண்டைக்குச் செங்கல். அளவுதான் எல்லாம்.

பட்டக்காரரின் மனைவி காளியம்மாளை வரவழைத்துச் சமையலை விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே வந்து கடைசியில், “ஏனுங்க, கீரைய மூணு தண்ணியில வேக வச்சா அப்பறம் அதுல கீரை எங்கீங்க இருக்கும்?” என்றாள்.

“ஆட்டுக்கு வைக்கறத எனக்கு வைக்கறாரு. அதையும் வேக வச்சுச் சக்கையாக்கி வைக்கறாரு. ஆடு என்னை விட யோகக்காரி” என்றார் பட்டக்காரர்.

“ஆடு பட்டக்காரரா இருந்து பஞ்சாயத்துப் பண்ணுதாக்கும்” என்றாள் அவள். மூவரும் சிரித்தோம்.

அவர் சொன்னபடி செய்தார். இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். என் முப்பது வருட வேலையில், சொன்ன உணவைச் சொன்ன அளவில் தின்றவர்கள் மிகக் குறைவு. வாக்கு என்றால் வாக்கு என்று வாழ்ந்த மனிதர் அவர். செப்டம்பர் 21இல் குழாய் மஞ்சள். 29இல் பச்சை. விரலின் ஓரத்தில் புதுத்தோல் வந்தது. டாக்டருக்குப் பெருமையாக ஒரு கடிதம் எழுதினேன்.

அக்டோபர் 4ஆம் தேதி சடையன் வீட்டுச் சாப்பாடு நடந்தது.

சடையன் என்பவர் பக்கத்துச் சிற்றூர் விவசாயி. நிலத்தகராறு ஒன்றை நாட்டுப் பஞ்சாயத்தில் வைக்காமல் கீழே சர்க்கார் கச்சேரிக்குக் கொண்டு போனார் என்று, இரண்டு வருடங்களுக்கு முன் அவர் வீட்டை ஊர் விலக்கி வைத்திருந்தது. அந்த வீட்டில் யாரும் நெருப்பு வாங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. அவர் ஏருக்குத் துணை ஏர் வரவில்லை. அந்த மாதம்தான் கோயிலில் கிடா வெட்டி, ஊர் முன்னால் விழுந்து கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டிருந்தார். எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. பட்டக்காரர் அந்த வீட்டில் உட்கார்ந்து முதல் கவளம் உண்ண வேண்டும். அதன்பின் ஊர் உண்ணும். அத்தோடு வீடு உள்ளே வந்துவிடும். அந்தச் சாப்பாட்டுக்குத் தனிப்பெயர் ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். சடையனின் மகள் வெள்ளச்சியைக் குண்டூர் நாட்டில் ஒரு பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வீடு உள்ளே வந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் ஐப்பசியில் பெண்ணை அழைத்துப் போவார்கள். அவர்களும் அன்று வந்திருந்தார்கள்.

இவ்வளவும் எனக்கு அன்று தெரியாது. விருந்து என்று அழைத்தார்கள், போனேன். மாட்டுப்பட்டி ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

இலை போட்டார்கள். மலைநெல் அரிசிச் சோறு, நடுவில் குழி செய்து தேன். பட்டக்காரர் உட்கார்ந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான், ஒரு நல்ல நோயாளியைப் பார்த்துக் கம்பவுண்டர் எப்படித் தலையசைப்பாரோ அப்படி, வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் தண்ணீரை மட்டும் குடித்தார். இலையை இரண்டு கையாலும் தொட்டுக் கும்பிட்டார். எழுந்தார்.

எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையும் இலைக்குப் போகவில்லை. பிறகு ஓரத்திலிருந்த ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். குண்டூர் நாட்டார் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். சோறு ஆவி பறந்தபடி அப்படியே இருந்தது. உள்ளே ஒரு பெண் அழும் குரல் கேட்டது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நோயாளி நான் சொன்னதைக் கேட்டார் என்ற சந்தோஷத்தில்தான் இருந்தேன்.

மறுநாள் காலை சடையன் மருந்தகத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலுக்கு அப்பால் நின்றார். விலக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

“கம்பவுண்டருங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறனுங்க. நேத்து பட்டக்காரரு உங்களப் பாத்தாரு. நீங்க தலைய ஆட்டுனீங்க. நான் பாத்தனுங்க. என்ற சோத்துல என்னங்க குத்தம்?”

“சோத்துல ஒண்ணுமில்லீங்க…”

“அப்ப என்ற ஊட்டுலயா?”

நான் வாயைத் திறந்தேன். பட்டக்காரருக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

“ரெண்டு வருசமுங்க. என்ற அப்பன் செத்தப்ப தூக்கறதுக்கு நாலாளு வரலீங்க. மச்சானுங்க ரெண்டு பேரும் நானும் பையனும் தூக்குனோம். அதெல்லாம் என் தப்பு, ஒத்துக்கறேன். என்ற புள்ள என்னங்க பண்ணுச்சு? குண்டூர்க்காரங்க வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதுக்கு மேல வேற எடம் பாத்துக்குவாங்க. நீங்க கீழ்நாட்டுக்காரரு. உங்களுக்கு எங்க ஊட்டுக் கதை எதுக்குங்க?”

அவர் போனபின்தான், அந்த வீட்டில் நடந்தது என்னவென்று மருந்து வாங்க வந்த ஒரு கிழவரிடம் கேட்டேன். இரண்டு வருடம் அந்த மலையில் இருந்த நான், ஒரு மனிதனின் உணவை மாற்றி எழுதி இருபத்தாறு நாள் கழித்துத்தான், அந்த உணவு அங்கே என்ன வேலை செய்கிறது என்று முதன்முதலாகக் கேட்டேன்.

டாக்டருக்கு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். கடிதம் போய்ப் பதில் வர ஆறு நாள். வெள்ளிக்கு நான்கு நாள்தான் இருந்தது. பேனாவை வைத்துவிட்டுப் பட்டக்காரர் வீட்டுக்கு நடந்தேன்.

“உண்ணாட்டி அந்த வீடு விழும்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்களா? ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க படிச்சவரு. எங்க நாட்டுல ரெண்டு வருசம் இருக்கறீங்க. தெரிஞ்சுதான் தலைய ஆட்டறீங்கன்னு நெனச்சேன். ஒரு ஊடா, என்ற காலான்னு பாத்துக் காலச் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

“சீக்குன்னு ஊர்ல சொல்லிட்டா என்னங்க?”

“சொல்றேன்னு வைங்க. சடையன் ஊட்டுல மாத்திரம் பட்டக்காரனுக்குச் சீக்கு வந்துருச்சான்னு கேப்பாங்க. யாரு நம்புவா?”

அந்த வீட்டில் கீரையும் மோரும் உண்டால் செல்லாதா என்று கேட்டேன். அந்த வீட்டு அடுப்பில் வெந்தது எதுவானாலும் செல்லும் என்றார். அதை நானே போய்ச் சடையனிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. “ஊரே பாக்க எனக்குக் கீரையும் மோருமாங்க? வெளிய வச்சதுக்கு மேல இது வேறயா? சோறு உண்ணட்டும், இல்லாட்டி வராமயே இருக்கட்டும்.”

அவருக்கு நோயைப் பற்றிச் சொல்லாமல் இதற்குமேல் பேச என்னிடம் எதுவும் இல்லை.

அவசரத்தில் முடிவெடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். எதை இழந்தால் திரும்பப் பெற முடியாது என்று ஒரு காகிதத்தில் எழுதினேன். ஒரு கவளம் சோற்றால் ஏறும் சர்க்கரை இரண்டு நாளில் இறங்கிவிடும். குண்டூர்க்காரர் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு அந்த இடம் திரும்ப வராது. ஆகவே ஒரு கவளம் அனுமதித்தேன். முந்தின நாள் கீரையும் மோரும் மட்டும். அன்று களி கிடையாது. கவளம் அவர் கைக்கு ஒன்று. தேன் கூடாது. மறுநாள் பட்டினி. அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை, அவர் மறுபடி சடையன் வீட்டில் உட்கார்ந்தார்.

இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. தேனை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கவளம் எடுத்தார். மெதுவாக மென்றார். அவருக்கு ஒரு மாதமாக அரிசிச் சோறு இல்லை. அதை விழுங்க மனமில்லாதவர்போல் நெடுநேரம் வாயில் வைத்திருந்தார். கையைத் துடைத்தார்.

அவருடைய மாமன் முறை ஒருவர் எதிர்வரிசையிலிருந்து, “என்னங்க மாப்பிள்ள, ஒரே உருண்டைதானா? சடையன் ஊட்டுச் சோறு தொண்டையில நிக்குதாட்டம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“தொண்டையில இல்லீங்க மாமா, மனசுல நிக்குது. நீங்க உண்ணுங்க” என்றார் பட்டக்காரர். ஊர் உண்டது. குண்டூர்க்காரர்கள் இரண்டு முறை சோறு வாங்கினார்கள். சடையன் பரிமாறிக்கொண்டே அழுதார். அன்று மாலைச் சோதனையில் நிறம் மஞ்சள்தான். இந்த மலையில் நான் செய்த சிறந்த காரியம் இது என்று அன்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஒரு கவளத்துக்கு வழி விட்டால் அதன்பின் எத்தனை கவளங்கள் வரும் என்று நான் யோசிக்கவில்லை. ஐப்பசியில் கல்யாணங்கள் தொடங்கின. சாமை அறுப்பு வந்தது. புதுத் தானியம் பொங்கும் வீடுகள் வந்தன. “சடையன் ஊட்டுல உண்டவிய, எங்க ஊட்டுல ஒரு வாய்க்கு யோசிக்கறீங்களா?” என்றார்கள். ஒரு வீட்டில் ஒரு கவளம். நாளுக்கு இரண்டு வீடு, மூன்று வீடு. எங்கும் சோற்றுக்கு மேல் தேன். நவம்பர் முடிவதற்குள் இருபத்து மூன்று வீடுகளின் பெயர் என் குறிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கு எதிரிலும் நிறம். பச்சை, மஞ்சள், மஞ்சள், செங்கல், செங்கல்.

டிசம்பர் இரண்டாம் வாரம் விரல் மறுபடி திறந்தது. இந்த முறை நாற்றம் இருந்தது. டாக்டர் வரும் நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கடிதத்துக்கு வந்த பதிலில் மூன்றே வரி: விதிவிலக்கு கிடையாது. ஒரு பருக்கை கிடையாது. விரல் கறுத்தால் உடனே கீழே கொண்டு வா.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். காளியம்மாள் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள்.

“பட்டக்காரன் உண்ணலீனா ஊடு விழுகுது. உண்டா நான் விழுகறேன். அப்படித்தானுங்க?”

“ஆமாங்க.”

“பட்டத்த எறக்கி வச்சுட்டா?”

காளியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“பட்டம் இல்லாதவன் உண்டா என்ன, உண்ணாட்டி என்ன. எவன் பாக்கப் போறான்?” என்று அவரே முடித்தார்.

“அவிய ஊட்டுல ஆறு தலைமுறையா இருந்து வந்த பட்டமுங்க” என்றாள் காளியம்மாள், என்னிடம்.

அந்தச் சமயத்தில் நான் என்ன உணர்ந்தேன் என்பதை மறைக்கக்கூடாது. எனக்கு நிம்மதியாக இருந்தது. சிகிச்சைக்குக் குறுக்கே நின்ற ஒன்று தானே விலகுகிறது என்று நினைத்தேன். “நல்ல யோசனைங்க” என்று சொன்னேன்.

1937 தையில் பட்டம் அவருடைய தம்பிக்குப் போனது. காரணம் கேட்டவர்களுக்கு வயசாயிருச்சு என்றார். மாசி முடிவதற்குள் புண் மூடியது. விரலின் நுனி போனது, கால் நின்றது. குழாயில் நீலம் நீலமாகவே இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

அவர் ஊரில் எங்கே உட்கார்வது என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லாமல் போயிற்று. தலைவருக்கு ஓர் இடம் உண்டு, எல்லோருக்கும் ஓர் இடம் உண்டு. தலைவராக இருந்தவருக்கு, அதுவும் எதையும் உண்ணாதவருக்கு, பந்தியில் என்ன இடம்? முதல் சில விருந்துகளுக்குப் போனார். இலை போடும் நேரம் எழுந்து வந்துவிடுவார். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள், கோபத்தால் அல்ல, அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று. காளியம்மாள் போவாள். திரும்பும்போது ஓடையில் கையையும் வாயையும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். நெய் வாசனை வரக்கூடாது என்று.

பங்குனியில் ஒருநாள் உச்சிவேளையில் தன் சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார்.

“நீங்களும் தனியாத்தான உண்ணறீங்க?” என்றார்.

அன்றிலிருந்து நாள்தோறும் வந்தார். ஒரே பந்தி அல்ல. அவர் சுவரோரம், நான் மேஜை ஓரம். அவருடைய சட்டியில் கீரை, ஓர் எலுமிச்சை அளவு களி. என் தட்டில் சோறு. முதல் நாள் அவர் முன்னால் சோறு தின்னக் கூச்சமாக இருந்தது. “மூடாதீங்க, பாக்கறதுக்கு என்ன, சக்கரையா ஏறப் போகுது?” என்றார். அதிகம் பேசமாட்டோம். ஒருநாள் அவர் சாப்பிட்டு முடித்துச் சட்டியைக் கழுவும்போது, “இது ஒரு நோயாவே தெரியலீங்க கம்பவுண்டரு. வலிக்கல, காய்ச்சல் இல்ல. ஊர் மாத்திரம் இல்ல” என்றார். அதை நான் அன்றே எழுதி வைத்தேன்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். மேலே சொன்னவை அறியாமையால் நேர்ந்தவை. இது அப்படியல்ல.

1937 நவம்பர் 17. மூன்றாவது நாளாக மழை. விறகு நனைந்து அடுப்புப் பற்றவில்லை. மூன்று வருடமாகிவிட்டது, மனைவியோடு இருக்க வேண்டும், கீழே எங்காவது மாற்றல் வேண்டும் என்று மனு எழுதினேன். உச்சிவேளையில் அவர் சாக்குப் போர்த்துக்கொண்டு நனைந்தபடி வந்தார். மனு மேஜை மேல் மை காயாமல் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் ஒரு புத்தகத்தை எடுத்து அதன் மேல் வைத்தேன். அன்றும் சேர்ந்து சாப்பிட்டோம். அடுத்த ஆறு மாதமும் சாப்பிட்டோம். நான் சொல்லவில்லை.

1938 ஜூன் 3 அன்று மாற்றல் உத்தரவு வந்தது. அப்போதுதான் சொன்னேன், உத்தரவு தானாக வந்ததுபோல.

“நீங்களாக் கேட்டீங்களா, தானா வந்துச்சுங்களா?” என்றார்.

“வந்துச்சுங்க.”

அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. பஞ்சாயத்தில் முப்பது வருடம் மனிதர்களின் முகத்தைப் பார்த்தவர். “போயிட்டு வாங்க சாமி. பொண்டாட்டி புள்ளையோட இருக்கோணும்ல” என்று மட்டும் சொன்னார். எனக்குப் பதிலாக வந்தவரிடம் சோதனைக் குழாயை எப்படிப் பார்க்க வேண்டும், எத்தனை சொட்டு, எந்த நிறத்துக்கு என்ன குறைக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று எழுதவில்லை. மருத்துவக் குறிப்பில் அதை எழுதக் கூச்சமாக இருந்தது.

நீங்கள் எழுதுங்கள். ஒருவருடைய சோற்றைக் குறைக்கும்போது, அந்தச் சோற்றை அவர் யார் வீட்டில் உண்கிறார், யாருக்காக உண்கிறார் என்று முதல் நாளே கேளுங்கள். அந்தப் பட்டியலில் ஒரு வரி, கூட உட்கார யார் என்று இருக்கட்டும். வாக்குக் கொடுத்து மறைப்பதற்கு முன், வீட்டார் இருவரையாவது கூட வைத்துப் பேசிப் பாருங்கள். நோயை ஊர் அறிந்திருந்தால் அவருக்குப் பட்டமும் காலும் இரண்டும் நின்றிருக்குமோ என்று இன்றும் யோசிக்கிறேன். நின்றிருக்காமலும் போயிருக்கலாம்.

1944இல் காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையில் வாழவந்தி நாட்டிலிருந்து மிளகு கொண்டு வந்த இருவரைப் பார்த்தேன். பட்டக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

“எந்தப் பட்டக்காரருங்க? தம்பியா, பழையவரா?”

“பழையவர்.”

“அவிய போயிட்டாங்களே. போன வருசம் தையில. காய்ச்சல்னாங்க.”

கால் எப்படி இருந்தது என்று கேட்டேன். கடைசிவரை நடந்தார் என்றார் ஒருவர். சாப்பாடு? “சாகற வரைக்கும் அந்தக் கீரைதானுங்க, சட்டியும் கையுமா தனியா அந்த மருந்தகத்துப் பக்கம் உக்காந்திருப்பாரு” என்றார் அவர். கூட இருந்தவர் மறுத்தார். “இல்லீங்க, கடைசி ஒரு வருசம் எல்லாத்தையும் விட்டுட்டாரு. பந்தியில உக்காந்து தேனும் சோறுமா உண்டாரு, நானே பக்கத்து இலையில இருந்தேன்.” இருவரும் எனக்கு முன்னாலேயே அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். இருவரும் பொய் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை.

தம்பிக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. 1946இல் ஒருமுறை மேலே ஏறினேன். காளியம்மாள் குண்டூர் நாட்டில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே போக இன்னும் அரை நாள் நடக்க வேண்டும். போயிருக்கலாம். நான் கீழே இறங்கிவிட்டேன்.

ஆகவே என் குறிப்பில் அவரைப் பற்றிய கடைசிப் பதிவு இப்படி இருக்கிறது: இறப்பு, 1943 தை, இருவர் சொல் ஒத்துப்போகிறது. காரணம், காய்ச்சல் என்கிறார்கள். கடைசி வருடம் அவர் யாரோடு உண்டார் என்பது சரிபார்க்கப்படவில்லை.